தண்ணியை ஓடவிடாத மாயக்கா

படுத்தாச்சா? கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. காலை உதைக்காதே. அத்தை கதை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும். சரியா?

ம்.

மேல பாத்தா வானம், கீழ பாத்தா மேகம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊரு. அந்த ஊருக்குத் தவிட்டுக்கோம்பைன்னு பேரு. சரிவு பூரா தவிட்டுப்பழச் செடி. பழத்தைத் தின்னா நாக்கு ஊதாவாயிடும். அந்த ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா. அவ பேரு மாயக்கா. ஒல்லின்னா ஒல்லி, மண்வெட்டிக் காம்புக்குச் சேலை சுத்தின மாதிரி இருப்பா. பொறந்தப்பவே மாயக்கான்னு பேரு வச்சுட்டாங்களா, அதனால ஊர்ல கெழவன் முதக்கொண்டு கைக்குழந்தை வரைக்கும் எல்லாருக்கும் அவ அக்காதான். அவ புருசன் செல்லாண்டி இருக்கானே, அவனும் "மாயக்கா, சோறு போடு"ன்னுதான் கேக்கணும். பாவம்.

சிரிக்காதே, தூக்கம் போயிரும்.

மாயக்காவுக்கு என்ன வேலைன்னா, தண்ணி திருப்புற வேலை. ஊருக்கு ஒரே ஒரு ஓடை. சரிவுல படிப்படியா பூண்டுக்காடு. மேல் பாத்தி நனைஞ்சதும் மடையை அடைச்சு அடுத்த பாத்திக்குத் திறக்கணும். அது நனைஞ்சதும் அதையும் அடைக்கணும். சதக், சதக், சதக்குன்னு மண்வெட்டி விழுந்துக்கிட்டே இருக்கும். யாருக்கும் கூடக் கொடுக்க மாட்டா, யாருக்கும் குறைக்க மாட்டா. புருசன் காட்டுக்கும் அதே அளவுதான்.

அப்புறம், அந்த ஓடை எங்கிருந்து வருதுன்னு கேளு.

எங்கிருந்து?

ஊருக்கு மேல ஒரு மலை. அதுல மரமே கிடையாது. பூரா புல்லு. தூரத்துல இருந்து பாக்குறவங்க, "என்னடா இது, மொட்டை அடிச்ச மாதிரி சும்மா கிடக்கு"ன்னு சொல்லுவாங்க. சும்மா கிடக்காது. மேகம் வரும். வந்து புல்லு மேல உக்காரும். புல்லு நுனியில சொட்டு... சொட்டு... சொட்டு. புல்லு அதை வேருகிட்டக் கொடுக்கும். வேரு கறுப்பு மண்ணுகிட்டக் கொடுக்கும். மண்ணு அதை யாருக்கும் தெரியாம அடியிலயே நடத்தி நடத்தி மலையடிக்குக் கூட்டிட்டு வரும். அங்க மலைக்கும் மலைக்கும் நடுவுல ஒரு பள்ளம். பள்ளம் பூரா கோரை, பாசி, கறுப்புச் சேறு. மேல நடந்தா தொம்மு, தொம்முன்னு அமுங்கி எழும்பும். அதனால அதுக்கு மெத்தைன்னு பேரு. மெத்தை எல்லாத் தண்ணியையும் வாங்கி வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் கசியவிடும். அது கீழ இருக்கிற குட்டிச் சோலைக்குள்ள போயி, மர நிழல்ல புகுந்து, அந்தப் பக்கம் ஓடையா வெளிய வரும். சளசளசள.

அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. இன்னிக்கு மழை பெய்யுதுன்னு வச்சுக்கோ. இன்னிக்கு ஓடையில வர்றது இன்னிக்குப் பெஞ்ச மழை இல்ல. பள்ளிக்கூடத்துல சாப்பாட்டுக்கு வரிசையா நிப்பீங்கல்ல? கடைசியா வந்தவன் பின்னாடி இருந்து முட்டினா யாரு முன்னாடி போயி விழுவா? மொதல்ல நிக்கிறவன். அதே மாதிரிதான். புது மழை பின்னாடி வந்து முட்டும், எப்பவோ பெஞ்ச பழைய தண்ணி முன்னாடி வந்து விழும். அப்போ மழை நின்னு எத்தனையோ நாள் ஆனாலும் உள்ள வரிசை இருந்துக்கிட்டே இருக்கும். பங்குனி வெயில்லயும் ஓடை ஓடும்.

ம்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. குதிகால் பாக்குறதுன்னு பேரு. கார்த்திகை தீபம் முடிஞ்ச மறுநாள் காலையில ஊரே மெத்தை ஓரமா வந்து நிக்கும். மாயக்கா செருப்பில்லாம, கையில எதுவும் இல்லாம, நடு மெத்தைக்குப் போவா. ஒத்தைக் குதிகாலை ஒரு அழுத்து அழுத்தி எடுப்பா. குழி விழும். அந்தக் குழியில தண்ணி ஊறி நிறையுற வரைக்கும் ஊரே எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்துக்குள்ள நிறைஞ்சா வெயில் காலம் பூரா தண்ணி இருக்குன்னு அர்த்தம். எல்லாப் பாத்தியிலயும் பூண்டு நடலாம். இருபதுன்னா பாதிப் பாத்தி. அதுக்கு மேல போனா கீழ ரெண்டு பாத்தியோட நிறுத்திக்கணும். மாயக்காவுக்கு முன்னாடி அவ அம்மா குதிகால். அதுக்கு முன்னாடி அவ அம்மாவோட அம்மா குதிகால். மூணு பேரும் ஒரே ஒல்லி.

அப்போ, கீழ்நாட்டுல இருந்து ஒருத்தர் வந்தாரு. ஊர்த்தலைவரைப் பெரியதனம்னு கூப்பிடுவாங்க. அந்தப் பெரியதனத்தோட மச்சினன். மாணிக்கராசுன்னு பேரு. ஆள் உரல் மாதிரி பாரம். முழங்கால் வரைக்கும் கறுப்பு பூட்சு. நடந்தா டொக்கு, டொக்கு, டொக்குன்னு ஊர்க்கோடி வரைக்கும் கேக்கும். அப்புறம் யாரு பேரைச் சொல்லுவா? பூட்சுக்காரர்னே ஆயிப்போச்சு. கெட்டவர் இல்ல. வரும்போது புள்ளைங்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்தாரு. ஆனா அவசரக்காரர். சோறு கொதிக்கிறப்பவே இலையைப் போட்டு உக்காருற ஆளு. அவரு கீழ்க்காட்டையெல்லாம் குத்தகைக்குப் பிடிச்சு, பெருசா பூண்டு போடணும்னு வந்திருந்தாரு.

வந்த நாலாம் நாள், ஊருப் பொது இடமான மந்தையில எல்லாரையும் கூட்டினாரு.

"மலை சும்மா கிடக்கு. மெத்தை தண்ணியைப் பதுக்கி வச்சிருக்கு. இந்த ஊர்ல தண்ணிகூட சோம்பேறியா இருக்கு. மெத்தைக்கு நடுவுல ஒரு வாய்க்கால் வெட்டி விட்டோம்னு வைங்க, மாசக்கணக்குல வர்ற தண்ணி ஒரு நாள்ல வந்து நிக்கும்"னாரு.

ஊருக்கு வாயெல்லாம் பல்லு. பெரியதனம் மாயக்காவைக் கூப்பிட்டாரு.

"மாயக்கா, மெத்தையில எங்க ஆழம்னு உனக்குத்தான் தெரியும். அவருக்குக் காட்டி விடு."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

"காட்டினா வெட்டுவாரு."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. பூட்சுக்காரரும் சிரிச்சாரு. "ஏம்மா, தண்ணி சீக்கிரமா வந்தா உனக்கு என்ன நட்டம்?"

"அது சோம்பேறி இல்லண்ணே. நடந்து வருது. நமக்குப் பங்குனியிலயும் தாகம் எடுக்கும்ல, அதுக்காக நடந்து வருது. நீங்க விரட்டினா ஓடும். ஓடினது எங்க நிக்கும்?"

"நான் கெஞ்சல, கேட்டேன். காட்டாட்டிப் போ"ன்னாரு பூட்சுக்காரர்.

அது மொத மாட்டேன்.

ம்.

அப்புறம் பூட்சுக்காரர் அவரே ஒரு கம்பை எடுத்துக்கிட்டுப் போனாரு. இங்க குத்துனாரு, அங்க குத்துனாரு. நாலாவது குத்துல ஆளே முழங்கால் வரைக்கும் உள்ள போயிட்டாரு. பளக்குன்னு காலை இழுத்தா, கால் வந்துச்சு, பூட்சு வரல. ரெண்டு பேரு படுத்துக்கிட்டு இழுத்துத்தான் எடுத்தாங்க. "ஆழம் கிடைச்சுருச்சு"ன்னாரு, ஒத்தைக்கால்ல நின்னுக்கிட்டு. ஆளுக்கு ஒரு மண்வெட்டி. சதக், சதக், சதக். புல்லும் வேரும் கட்டி கட்டியா ரெண்டு கரையிலயும் குமிஞ்சுச்சு. மூணாம் நாள் வாய்க்கால் திறந்துச்சு.

தடதடதடதட.

அப்படி ஒரு தண்ணியை ஊரு பாத்ததே இல்ல. காப்பித்தண்ணி நிறத்துல, நுரை தள்ளிக்கிட்டு, ஓடைக்கரையை இடிச்சுக்கிட்டு வந்துச்சு. அது ஐப்பசி மாசம், மேல மழை வேற. பிள்ளைங்க கூத்தாடுதுங்க. பூவாயி இருக்காளே, செல்லாண்டியோட தங்கச்சி, மாயக்காவுக்கு நாத்தனார், அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா.

"என்ன மதினி, பாத்தீங்களா தண்ணியை? இத்தனை வருசமா நீங்க எங்களை ஏமாத்தி இருக்கீங்க."

மாயக்கா ஓடையைப் பாத்தா. "வர்றதைப் பாத்தேன் பூவாயி. அந்தப் பக்கம் போறதையும் பாத்தேன். எந்தக் காட்டுல நின்னுச்சு சொல்லு"ன்னா. அது எந்தக் காட்டுலயும் நிக்கல. மேல் பாத்தி ரெண்டோட வரப்பைப் பிடுங்கிக்கிட்டு நேரா கீழ்நாட்டுக்குப் போயிருச்சு. ஆனா வந்த சத்தத்துல யாருக்கும் போனது தெரியல.

அப்புறம் கார்த்திகை தீபம் வந்துச்சு. மழை விட்டுச்சு. மறுநாள் காலையில ஊரே மெத்தை ஓரமா நின்னுச்சு. மாயக்கா போனா. குதிகாலை அழுத்தினா. எடுத்தா.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நீயும் எண்ணு.

நாலு. அஞ்சு.

பத்து ஆச்சு, குழியில சேறுதான் மினுங்குச்சு. இருபது ஆச்சு, அடியில ஒரு கண்ணு அளவு தண்ணி. முப்பது. எண்ணுற சத்தம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. நாப்பதுல குழி நிறைஞ்சப்போ மாயக்கா ஒருத்திதான் எண்ணிக்கிட்டு இருந்தா.

பெரியதனம் கிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு. "மாயக்கா, ஊரே விதைப்பூண்டை உரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பத்துன்னு சொல்லிரு."

"மாட்டேன் மாமா. நாப்பது."

"உனக்குப் பிடிவாதம்."

"எனக்குப் பிடிவாதம்தான். குழிக்கு என்ன பிடிவாதம்? போய்ப் பாருங்க."

அப்போ பூட்சுக்காரர், "இந்தக் குச்சிக்காலுக்கு என்ன தெரியும்? தள்ளுங்க"ன்னாரு. டொக்கு டொக்குன்னு வந்தாரு. அந்த உரல் உடம்போட, அந்த பூட்சோட, மெத்தையில ஒரே மிதி. பொதக். காலை எடுத்தாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. குழி நிறைஞ்சு வழிஞ்சுச்சு.

"மூணு"ன்னாரு.

ஊரு "ஹே"ன்னு கத்துச்சு.

மாயக்கா சொன்னா, "அண்ணே, அது ஊறின தண்ணி இல்ல, பிழிஞ்ச தண்ணி. ஈரத்துணி மேல ஏறி மிதிச்சாலும்தான் தண்ணி வரும். அதுக்காகத் துணியை நம்பிப் பூண்டு நடுவீங்களா?"

யாரு கேக்குறா? அந்த ஊர்ல எல்லாருக்கும் குழியை எண்ணத் தெரியும். குழி போட்ட காலு எவ்வளவு பாரம்னு எண்ண யாருக்கும் தோணல. மூணுன்னு குழி சொன்னா மூணுதான். அன்னிக்கே எல்லாப் பாத்தியிலயும் பூண்டு விழுந்துச்சு. "நாப்பதுன்னு சொல்லி ஊர் வாயில மண்ணைப் போடப் பாத்தா"ன்னு மாயக்கா கையில இருந்த வேலையையும் பிடுங்கி, பூட்சுக்காரரோட ஆளுகிட்டக் கொடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தா செல்லாண்டி விதைக்கூடையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்.

"நம்ம காட்டுல கீழ ரெண்டு பாத்தி போதும்"னா மாயக்கா.

"ஊரோட போவோம் மாயக்கா. நாம மட்டும் நடாம விட்டு, எல்லாருக்கும் விளைஞ்சுட்டா, நான் எப்படி மந்தையில நிக்கிறது?"

"எல்லாருக்கும் காஞ்சுட்டா?"

"எல்லாரோடயும் சேர்ந்து காயட்டும்"னான். நட்டுட்டான்.

பத்துன்னு சொல்ல மாட்டேன்னாளே மாயக்கா, அது ரெண்டாவது மாட்டேன்.

ம்... ம்.

கண்ணு சொருகுது பாரு. இன்னும் ஒரு மாட்டேன் இருக்கு. பெரிய மாட்டேன்.

தை மாசம் ஓடை கை அகலத்துக்குச் சுருங்குச்சு. மாசி பொறந்தப்போ விரல் அகலம். அப்புறம் கூழாங்கல்லு. பூண்டு முழங்கால் உயரம் வளந்து, இனிமேதான் அடியில கிழங்கு பிடிக்கணும்ங்கிறப்போ இலை நுனி மஞ்சளாச்சு. பொண்டுக ராத்திரி வச்ச குடம் காலையில பாதிகூட நிறையல. மந்தையில கூட்டம். இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

பூட்சுக்காரர் எந்திரிச்சாரு. "அடியில இன்னும் தண்ணி இருக்கு. வாய்க்காலைப் பாறை தட்டுற வரைக்கும் ஆழமாக்குவோம். இருபது நாளைக்குத் தண்ணி வரும். இருபது நாள் போதும், பூண்டு பொழச்சுக்கும்."

அவரு சொன்னது பொய்யில்ல. அதுதான் சிக்கல். மாயக்காவுக்கும் தெரியும், இருபது நாளைக்கு வரும். அந்தப் பூண்டுல அவ வீட்டுப் பூண்டும் இருக்கு. அந்த வருசம் அவங்க வீட்டுல வேற எதுவும் கிடையாது.

"அதுக்கு அப்புறம்?"னு கேட்டா.

"அப்புறம் மழை வரும்மா."

"வரும். வந்து எங்கண்ணே உக்காரும்? பாறை மேலயா?"

"வர்ற வருசத்தை வர்ற வருசம் பாப்போம்"னாரு பெரியதனம். ஊரும் அதையே சொல்லுச்சு. செல்லாண்டியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அதையே சொன்னான்.

மறுநாள் விடிஞ்சுச்சு. புல்லு மேல உறைபனி உப்பு தூவின மாதிரி வெள்ளையாக் கிடக்கு. ஆளுங்க கடப்பாரை, மண்வெட்டியோட மெத்தைக்கு வந்தா, அங்க ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கு. வாய்க்கால்லயே குறுகலான இடம் எதுவோ அதுல, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, குறுக்கே உக்காந்திருக்கா மாயக்கா. கோரையைக் கத்தை கத்தையாப் பிடுங்கி ரெண்டு விலாவுலயும் அடைச்சு வச்சிருக்கா. நூலு மாதிரி வந்துக்கிட்டு இருந்த தண்ணி அவ முதுகுல வந்து முட்டி நின்னுச்சு.

"எந்திரிம்மா"ன்னாரு பூட்சுக்காரர்.

"மாட்டேன்."

"பூண்டெல்லாம் காஞ்சு போகும்."

"போகட்டும். என்னுதும்தான் காயும்."

"இருபது நாள்தாம்மா கேக்குறோம்."

"நீங்க இருபது நாள் கேக்கல. இந்த ஓடையைக் கேக்குறீங்க. தர மாட்டேன். வெட்டணும்னா எம்மேல வெட்டுங்க."

"பிடிச்சுத் தூக்குங்கய்யா"ன்னாரு. யாரும் அசையல. இருபது வருசமா அவங்க ஒவ்வொருத்தர் காட்டுக்கும் அளவு குறையாம தண்ணி விட்ட கையி அது. அந்தக் கையை எந்தக் கையால பிடிச்சு இழுக்குறது? ஆளுக்கு ஒரு பக்கம் பாத்தாங்க. ஒருத்தன் கடப்பாரையைத் துடைச்சுக்கிட்டே இருந்தான்.

"விடுங்க. குளிர் தாங்காம அவளே எந்திரிப்பா"ன்னு சொல்லிட்டு, பூட்சுக்காரர் கரையில உக்காந்தாரு.

குளிராதா அத்தை?

குளிராம? பல்லு கிடுகிடுகிடுன்னு ஆடுது. உதடு தவிட்டுப்பழம் தின்ன மாதிரி ஊதாவாயிருச்சு. தண்ணி பின்னாடி இடுப்பு வரைக்கும் ஏறிருச்சு. வெயில் வந்துச்சு, அது மேல வெளிச்சம் போட்டுச்சே தவிர சூடு போடல. அவ எந்திரிக்கல.

உச்சி வெயிலுக்குச் செல்லாண்டி வந்தான். கரையில குத்த வச்சு உக்காந்தான்.

"மாயக்கா, எந்திரி. காய்ச்சல் வந்துரும்."

"நான் எந்திரிச்சா தண்ணி போயிரும்."

அவன் கீழ பாத்தான். அங்க இருந்து பாத்தா அவன் காடு தெரியும், மஞ்சள் மஞ்சளா. மறுபடி அவளைப் பாத்தான்.

"சரி, உனக்குப் பதிலா அங்க என்னத்த வச்சா நீ எந்திரிப்ப?"

"வெட்டிப் போட்ட புல்லுக்கட்டி கரையில கிடக்கு பாரு. வேரோட, மண்ணோட. அதை வை."

"ஒண்ணு போதுமா?"

"எட்டு வேணும்."

"இந்த ஒல்லிக்கு எட்டா?"ன்னான். சொல்லிக்கிட்டே எந்திரிச்சுப் போயி, ஒரு கட்டியைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிக்கிட்டு வந்து, அவ பக்கத்துல போட்டான். பொத்.

பூட்சுக்காரர், "யோவ், உன் பூண்டை நீயே கொல்லுறியா?"ன்னாரு.

"பூண்டு அடுத்த வருசமும் முளைக்கும் முதலாளி. இவ முளைக்க மாட்டா"ன்னான். ரெண்டாவது கட்டி. பொத்.

அப்போ கரை மேல இருந்து ஒரு சத்தம். பூவாயி திட்டிக்கிட்டே வர்றா. "சனியனே, சண்டாளி, நீ செத்தா எங்க அண்ணனுக்கு எவ கஞ்சி காய்ச்சுவா, நானா காய்ச்சணும்?" தலையில கூடை. கூடைக்குள்ள புல்லுக்கட்டி. பொத். அவளுக்குப் பின்னாடி கடப்பாரையைத் துடைச்சுக்கிட்டு இருந்தவன் வந்தான். அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன். ஒருத்தர் மூஞ்சியிலயும் சந்தோசம் இல்ல. ஒருத்தர்கூட "நீ சொன்னது சரி"ன்னு சொல்லல. எல்லாரும் திட்டி வஞ்சுக்கிட்டே போட்டாங்க. பொத், பொத், பொத்.

எட்டாவது கட்டி விழுந்து, மிதிச்சு இறுக்கினப்புறம்தான் மாயக்கா எந்திரிச்சா. கால் நிக்கல. ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. அவ கரையைப் பாக்கல, ஆளுங்களைப் பாக்கல. தேங்கின தண்ணியைத்தான் பாத்தா. அது நின்னுச்சு. முன்னாடி போக வழி இல்லையா, ரெண்டு பக்கமும் திரும்பிச்சு. காஞ்சு வெடிச்சுக் கிடந்த கறுப்பு மண்ணுக்குள்ள இறங்குச்சு. சத்தம் கேட்டுச்சு. மடக்... மடக்... மடக். தாகத்துல ஒரு மாடு குடிக்கிற மாதிரி.

அது மூணாவது மாட்டேன்.

ம்.

நீ என்ன நினைக்கிற, மறுநாளே ஓடை வந்துருச்சுன்னா? வரல. அத்தை பொய் சொல்ல மாட்டேன். பூண்டு காஞ்சுது. சோலை நிழல்ல இருந்த ரெண்டு காடு தப்பிச்சுது, மத்ததெல்லாம் போச்சு. பூட்சுக்காரர் சாமானைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. போறப்போ மாயக்கா வாசல்ல நின்னு, "உன் பிடிவாதம் ஊரையே பட்டினி போட்டுருச்சு"ன்னாரு.

"ஆமாண்ணே. ஒரு வருசம்"னா.

அவரு டொக்கு, டொக்கு, டொக்குன்னு இறங்கிப் போயிட்டாரு.

அந்த வருசம் மாயக்காவை வையாத வாய் கிடையாது. பொண்டுக ரெண்டு மலை தாண்டிப் போயி குடிக்கத் தண்ணி எடுத்தாங்க. போறப்போ ஒரு தடவை வஞ்சாங்க, குடம் கனக்குதுன்னு வர்றப்போ ரெண்டு தடவை வஞ்சாங்க. அவ காதுல வாங்கிக்கிட்டே தினமும் மெத்தைக்குப் போனா. எட்டுக்கட்டி போட்ட இடத்துக்கு மேல பத்தடிக்கு ஒண்ணா, இன்னும் பதினோரு அணை வச்சா. புல்லுக்கட்டி, கல்லு, கோரை. மூணு நாள் தனியா வச்சா. நாலாம் நாள் செல்லாண்டி வந்தான். அப்புறம் பூவாயி வந்தா, வஞ்சுக்கிட்டே.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, ஹோன்னு மழை. ஊரே ஓடைக்கரைக்கு ஓடிச்சு. ஓடையில எவ்வளவு தண்ணிங்கிற? கணுக்கால் நனையல.

"வானத்தைப் பொத்துக்கிட்டு ஊத்துது, ஓடையில கொசுகூட மூழ்காது"ன்னு பெரியதனமே கத்தினாரு. மெத்தை குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு வருசத் தாகம் அதுக்கு. மொதல்ல அது குடிக்கும், அப்புறம்தான் கொடுக்கும். மாயக்கா அதைச் சொன்னா. யாரும் கேக்குற நிலைமையில இல்ல. மந்தையில நனைஞ்சுக்கிட்டே உக்காந்து, விடாம மூணு நாள் அவளை வஞ்சாங்க. மழையும் மூணு நாள் விடல.

"வைங்க, வைங்க"ன்னுட்டு, கோணிச்சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, அணை உடையாம இருக்கான்னு பாக்கப் போயிட்டா.

அந்தக் கார்த்திகையில யாரும் ஆசையில நடல. ஆளுக்குக் கீழ ரெண்டு பாத்தியோட நிறுத்திக்கிட்டாங்க. தை போச்சு. மாசி வந்துச்சு. வானத்துல பொட்டு மேகம் இல்ல, கழுவி வச்ச தட்டு மாதிரி நீலம். பக்கத்து ஊரு ஓடையெல்லாம் கல்லு கல்லாக் கிடக்கு. அப்போ ஒரு நாள் காலையில பூவாயி குடத்தை எடுத்துக்கிட்டு ஓடைக்கு வந்தா. குடத்தைச் சாய்ச்சா. களக் களக் களக்குன்னு நிறைஞ்சுச்சு. அப்பதான் அவளுக்கு உறைச்சுது, இது நேத்தும் இப்படித்தான் நிறைஞ்சுச்சு, முந்தாநாளும் இப்படித்தான் நிறைஞ்சுச்சுன்னு. தைப்பொங்கலுக்கு எவ்வளவு இருந்துச்சோ, அதுல ஒரு விரல்கூடக் குறையல. பழைய ஓடை அளவுக்கு முழுசா இல்ல, முக்கால்வாசி. ஆனா நிக்காம, அவசரப்படாம, நடந்து போய்க்கிட்டே இருக்கு. சளசளசள.

பூட்சுக்காரரோட அவரு ஆளும் போயிட்டதுல, தண்ணி திருப்புற வேலை பழையபடி மாயக்கா கைக்கே வந்திருந்துச்சு; கொஞ்சம் மேல அவ மடை திருப்பிக்கிட்டு இருந்தா. பூவாயி குடத்தைக் கீழ வச்சா.

"மதினி, மழை விட்டு எத்தனை நாளாச்சு. இது எந்த மழைத் தண்ணி?"

மாயக்கா நிமிந்துகூடப் பாக்கல. "ஐப்பசியில எல்லாரும் மந்தையில உக்காந்து என்னை மூணு நாள் வஞ்சீங்களே, அப்பப் பெஞ்சது."

பூவாயி ஓடையைப் பாத்தா. குடத்தைப் பாத்தா. கொஞ்சம் யோசிச்சா.

"அப்படின்னா சித்திரை வரைக்கும் வரும் மதினி"ன்னா. "அவ்வளவு வஞ்சிருக்கோம்."

...

ம் காணோமே. பாப்பா?

சரி. தண்ணி நடக்கட்டும், கதை படுக்கட்டும், நீயும் தூங்கு.